கில்டாரன் கோட்டையில் மூன்று நாள் பேச்சு

வரிசைன்னா வரிசைதானே ஐயா? அந்தப் பன்னிக்காரன் நமக்கு அப்புறம் வந்தவன். ரெண்டு பன்னியை முன்னாடி விரட்டி விட்டான், பன்னி ஓடிப் போச்சேன்னு பின்னாலேயே இவனும் போய் நின்னுக்கிட்டான். கேட்டா சிரிக்கிறான். இருக்கறது ஒரு படகு, காத்துக் கிடக்கறது முந்நூறு பேரு. ஒரு முறை வேண்டாமா? நான் போய் அந்தச் சிப்பாய்கிட்ட சொன்னேன், துரை, வந்த வரிசைப்படி விடுங்கன்னு. உனக்கு மட்டும் அந்தக் கரையில விருந்தா வெச்சிருக்காங்கன்னு கேக்கறான்.

சரி, உக்காருங்க. இந்த வண்டிக்கு அடியில மழை அவ்வளவா இறங்காது. எந்த ஊரு நீங்க? கில்கென்னிப் பக்கமா? நல்லதாப் போச்சு. எங்க ஊர் ஆளா இருந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டேன். எங்க ஊர்ல எல்லாரும் ஏற்கெனவே தீர்ப்பு எழுதி முடிச்சுட்டாங்க. நீங்க வெளியூர்க்காரர், நியாயமாக் கேப்பீங்க.

அதோ பாருங்க, மூணாவது வண்டி. கம்பளியைத் தலையோட போர்த்திக்கிட்டு, நமக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, பசுமாட்டுக் கயித்தைக் கையில சுத்திக்கிட்டு ஒரு பொம்பளை உக்காந்திருக்கா பாருங்க. அது ஓனோரா. என் சம்சாரம். அவ என்கிட்ட ஒரு வார்த்தை பேசி நாலு வருஷமாச்சு ஐயா. கஞ்சி வெப்பா, என் பக்கம் தள்ளி வெப்பா. சட்டை கிழிஞ்சா தெச்சு வெப்பா, கையில குடுக்க மாட்டா, முளையில மாட்டிட்டுப் போயிடுவா. திட்டினாக்கூடப் பரவாயில்லை. நாலு வருஷமா என் குரலை நானே கேட்டுக்கிட்டிருக்கேன்.

ஆத்தைத் தாண்டிட்டா என்ன ஆகும்னு பயமா இருக்கு. பார்லிமெண்டுக்காரங்க ஜெயிச்சாங்க, நம்ம நிலத்தை எடுத்துக்கிட்டாங்க, கத்தோலிக்கன் எல்லாம் ஷானன் ஆத்துக்கு மேற்கே போங்கடான்னுட்டாங்க. சரி, போறோம். ஆனா அந்தக் கரையில அவளுக்குச் சித்தி வீடு இருக்கு. எனக்கு யாரு இருக்கா? இறங்கினதும் அவ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்னு ஆயிடும். அதனால எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. படகு ஏறறதுக்குள்ள அவ என்கிட்ட ஒரு வார்த்தை பேசணும். நடந்ததைச் சொல்றேன், கேளுங்க. என் பக்கம் நியாயம் இருக்குன்னு பட்டா, எந்திரிச்சுப் போய், அம்மா, உன் புருஷன்மேல தப்பு இல்லைன்னு அவகிட்ட சொல்லுங்க. பட்டா என்ன பட்டா, கண்டிப்பாப் படும்.

என் பேரு ஃபெலிம். பதினோரு வருஷம் ஃபிளாண்டர்ஸ்ல ஸ்பெயின் ராஜாவோட பட்டாளத்துல இருந்தவன். இங்க சண்டை ஆரம்பிச்சதும் ஆள் வேணும்னு கூப்பிட்டாங்க, வந்தேன். அந்தச் சண்டையை உங்களுக்கு நான் சொல்லணுமா? இங்கிலாந்துல ராஜாவுக்கும் பார்லிமெண்டுக்கும் அடிதடி. இங்க நாம கத்தோலிக்கர் எல்லாம் சேர்ந்து ஒரு சபை வெச்சோம். முதல்ல ராஜாவோட ஆளுங்க நமக்கு எதிரி. அப்புறம் அவங்களோட சண்டை நிறுத்தம். அப்புறம் சமாதானம். போப்பாண்டவரோட தூதர் வந்து, அந்தச் சமாதானத்தை ஏத்துக்கிட்டவனுக்குப் பூசை கிடையாதுன்னுட்டார். நம்ம ஆளுங்களே ரெண்டாப் பிரிஞ்சு ஒருத்தனை ஒருத்தன் சுட்டோம். கடைசியில ராஜாவோட ஆளுங்க நமக்குக் கூட்டாளி ஆனாங்க. அதுக்குள்ள அங்க ராஜாவோட தலை போயிடுச்சு. எங்க கில்டாரன் கோட்டையில ஒரு கல்லு நகரலை ஐயா, இருந்த இடத்துல இருந்துக்கிட்டே எட்டு வருஷத்துல அஞ்சு தடவை கட்சி மாறிடுச்சு. ஒவ்வொரு தடவையும் பழைய கொடியை இறக்கிப் புதுக் கொடி ஏத்தினது நான்தான். கொடிக்காரன்னா அதானே வேலை. தெச்சுக் குடுத்தது ஓனோரா. துணிக்குப் பஞ்சம், அதனால பழசைப் பிரிச்சுத்தான் புதுசு தெப்பா. நீங்க எந்தக் கட்சியா வேணும்னாலும் இருங்க, நூலை மட்டும் மிச்சம் பண்ணிக் குடுங்கம்பா. அப்பெல்லாம் பேசுவா. நல்லாவே பேசுவா.

கோட்டைன்னதும் பெருசா நினைச்சுக்காதீங்க. ஒரு கல்லுக் கோபுரம், சுத்தி ஒரு மதில், அவ்வளவுதான். முப்பத்து நாலு ஆம்பளைங்க, ஒன்பது பொம்பளைங்க. தலைவன் கோர்மக், ஓனோராவோட அண்ணன். தங்கமான மனுஷன். ஆனா அவன் கோட்டையை விட்டு இருபது மைல் போனவனில்லை. யுத்தத்துக்கு ஒரு முறை இருக்குன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? எதுவா இருந்தாலும் என்னைத்தான் கேப்பான். மாப்பிள்ளை, உங்க ஃபிளாண்டர்ஸ்ல இதுக்கு என்ன பண்ணுவாங்கம்பான். நான் சொல்லுவேன், அவன் செய்வான்.

நாலு வருஷத்துக்கு முன்னாடி, பிப்ரவரி மாசம், பார்லிமெண்டுக்காரங்க வந்து இறங்கினாங்க. இருநூறு பேரு. ஒரு கேப்டன். பீரங்கி இல்லை. பீரங்கி ஆறு மைல் தள்ளி சதுப்புல புதைஞ்சு கிடக்கு, எருது கட்டி இழுக்கறாங்க, கர்னல் அங்க நின்னுக்கிட்டிருக்கார்னு பால்காரி ஒருத்தி சொன்னா. வந்த அன்னிக்கே கேப்டன் முரசு அடிச்சு ஆள் அனுப்பிச்சான். கோட்டையை விடுங்க, எல்லாரும் உயிரோட வீட்டுக்குப் போகலாம், சட்டி பானை, மாடு கண்ணு எல்லாம் எடுத்துக்கலாம். ஆயுதத்தை மட்டும் வெச்சுட்டு, ஆளுக்கு ஒரு வெள்ளைக் குச்சியைக் கையில பிடிச்சுக்கிட்டு வெளியே வரணும்.

வெள்ளைக் குச்சின்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுமா? பட்டை உரிச்ச கொம்பு. தோத்தவன் கையில குடுப்பாங்க. இவன்கிட்ட ஒண்ணும் இல்லை, இவனை யாரும் அடிக்க வேண்டாம்னு அர்த்தம். சின்ன விஷயம்தானேம்பீங்க. நான் அந்தக் குச்சியைப் பிடிச்சவன் ஐயா. ஃபிளாண்டர்ஸ்ல, எனக்கு இருபது வயசு. எங்க கம்பெனி ஒரு ஊரை விட்டு அப்படித்தான் வெளியே வந்தது. தெரு ரெண்டு பக்கமும் ஜனம். சின்னப் பிள்ளைங்க எங்க குச்சியைப் பிடுங்கி எங்களையே அடிக்குதுங்க. ஒரு கிழவி என் மூஞ்சில டர்னிப் தோலை வீசினா. எங்க பழைய சார்ஜென்ட், எத்தனையோ சண்டை பார்த்தவர், அன்னிக்கு ராத்திரியே பட்டாளத்தை விட்டுப் போயிட்டார், எங்க போனார்னே தெரியாது. நான் அழுதேன். இனிமே செத்தாலும் அந்தக் குச்சியைத் தொடறதில்லைன்னு மாதா மேல ஆணை வெச்சேன்.

அதனால கோர்மக் சரின்னு சொல்ல வாயைத் திறந்ததும் நான் கையைக் காட்டி நிறுத்தினேன். மச்சான், மதில்ல ஒரு ஓட்டைகூட விழலை. ஓட்டை விழாத கோட்டைக்கு மரியாதையோட வெளியே வர உரிமை இருக்கு. கொடி பறக்கணும், முரசு கொட்டணும், துப்பாக்கி தோள்ல இருக்கணும், குண்டு வாயில இருக்கணும், திரி ரெண்டு முனையிலும் எரியணும். அப்படி வந்தா அது தோல்வியே இல்லைன்னேன். குண்டை வாயில கவ்வறது எதுக்குன்னா, நினைச்சா இப்பவே துப்பாக்கியில போட்டுச் சுடுவேன்னு அர்த்தம். எரியற திரி பட்டாத்தான் மருந்து பத்திக் குண்டு கிளம்பும், திரி இல்லாம துப்பாக்கி வெறும் தடி. ஒரு முனை அணைஞ்சாலும் மறு முனை இருக்கணும்னு சண்டைக்காரன் ரெண்டு முனையிலும் பத்த வெப்பான். காவக்காரன்தான் ஒரு முனையோட நிக்கறவன்.

கோர்மக் என்னைப் பார்த்தான், தங்கச்சியைப் பார்த்தான். அதுக்கு அவங்க ஒத்துக்குவாங்களா மாப்பிள்ளைன்னான். பேசினா ஒத்துக்குவாங்க, பேசத் தெரிஞ்சவன் போகணும்னேன். அப்ப நீங்களே போங்கன்னான். ஓனோரா கஞ்சி கிண்டிக்கிட்டிருந்தவ, திரும்பாமலே கேட்டா, ஏங்க, குச்சியைப் பிடிச்சா கை தேஞ்சா போயிடும்னு. இதெல்லாம் பொம்பளைங்களுக்குப் புரியாது, விடும்மான்னேன். அது நான் சொன்னது தப்புதான். அதுக்கு நான் மன்னிப்புக் கேக்கத் தயார். அது ஒண்ணுக்கு மட்டும்.

முதல் நாள் போனேன். முறைப்படி முரசுக்காரன் முன்னாடி, நான் பின்னாடி. அவங்க முறைப்படி என் கண்ணைக் கட்டினாங்க. நல்ல இறுக்கமா, ஒழுங்காக் கட்டினாங்க, அதுல குறை சொல்ல மாட்டேன். கூடாரத்துல கேப்டன் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். அவன் ஆளுங்க பாதிப் பேருக்கு வயித்துப்போக்கு. நான் முரசு கேட்டேன். அரை நாள் இழுத்து, முரசு கொட்டிக்கோன்னான். பாத்தீங்களா? கேட்டாக் கிடைக்குது.

ரெண்டாம் நாள் கொடி. கொடி கூடாதுன்னான். மடிச்சு எடுத்துட்டுப் போன்னான். மடிச்ச கொடி மூட்டைத் துணி, பறந்தாத்தான் கொடின்னேன். சாயங்காலம் வரைக்கும் பேசினோம். எனக்கு ரொட்டியும் பாலாடைக் கட்டியும் குடுத்தான், நல்ல மனுஷன்தான். நடுவுல என்கிட்ட தணிஞ்ச குரல்ல சொன்னான், இந்தாப்பா, சீக்கிரம் முடிச்சுக்கோ, எங்க கர்னல் வந்துட்டா நான் பேசறது எதுவும் நிக்காது, அவரு வேற மாதிரி ஆளுன்னான். நான் உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன். சந்தையில மாடு விக்கறவனும் இப்படித்தானே சொல்லுவான், அடுத்த ஆள் வந்துக்கிட்டிருக்கான்னு. விட்டுக் குடுக்கலை. கொடி பறக்கலாம்னு கையெழுத்துப் போட்டான்.

இதுக்கு நடுவுல கோட்டையில ஒரு வேலை நடந்துக்கிட்டிருந்தது. எங்ககிட்ட திரி இல்லை ஐயா. முப்பத்து நாலு பேருக்கும் சேர்த்து மொத்தமே நாலு முழம் நல்ல திரி. மரியாதையோட வெளியே வரணும்னா ஆளுக்கு ஒரு முழமாவது வேண்டாமா? ரெண்டு முனையிலும் எரியணுமே, விரல் நீளத் துண்டையா பத்த வெக்கறது? அதனால பொம்பளைங்களை விட்டுக் கட்டில் கயித்தை எல்லாம் அவிழ்க்கச் சொன்னேன். வெடியுப்புத் தண்ணியில வேகவெச்சு, அடுப்புக்கு மேல காயவெச்சு, மூணு நாள் அதே வேலை. ஓனோரா கையெல்லாம் வெந்து போச்சு. எங்க கட்டில் கயித்தையும் அவளே அவிழ்த்துக் குடுத்தா. எல்லாரும் வெறுந்தரையில படுத்தோம். பிரமாதமான திரி. சமமா வெட்டி, முப்பத்து நாலு துண்டு, சுருட்டி, பெட்டியில வெச்சுப் பூட்டினேன்.

ஏன் பூட்டினேன்னு கேப்பீங்க. எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. உங்களுக்குப் பட்டாளத்தான் புத்தி தெரியாது. வெளியில திரி கிடந்தா ஆளாளுக்கு அரை விரல் கிள்ளிப் புகையிலைச் சுங்கான் பத்த வெச்சுக்குவான். காலையில பார்த்தா எலி கடிச்ச மாதிரி இருக்கும். ஊர்வலம் வரும்போது ஒருத்தன் கையில ஒரு முழம், ஒருத்தன் கையில ஒரு சாண். மானம் போயிடாதா? சாவியை என் இடுப்புல கட்டிக்கிட்டேன். பொறுப்பு என்னோடதுதானே.

மூணாம் நாள்தான் திரி பத்தின பேச்சு. காலையில கிளம்பும்போது கோர்மக் மதில் வாசல் வரைக்கும் கூட வந்தான். மாப்பிள்ளை, முரசு கிடைச்சாச்சு, கொடி கிடைச்சாச்சு, திரி ஒரு முனைன்னு சொன்னா வாங்கிட்டு வந்துடுங்க, பொம்பளைங்க பயந்து போயிருக்காங்கன்னான். நான் அவன் தோளைத் தட்டினேன். ஒரு நாள் பொறு மச்சான், உன் பேரன் காலத்துலயும் இதைப் பேசுவாங்கன்னேன். கோர்மக்குக் கல்யாணம்கூட ஆகலை. ஏதோ வாயில வந்தது, சொன்னேன்.

கேப்டன் அன்னிக்கு ரொம்ப எரிச்சலா இருந்தான். திரியைப் பத்த வெச்சுக்கோ, ஒரு முனை போதும்னான். ரெண்டு முனைன்னேன். ரெண்டு முனையும் எரிஞ்சு என்னய்யா பண்ணப் போறே, நாலு மைல் நடந்து வீட்டுக்குத்தானே போகப் போறேன்னான். ஒரு முனைன்னா காவக்காரன், ரெண்டு முனைன்னா வீரன், எங்க கோட்டையில காவக்காரன் யாரும் இல்லைன்னேன். அவன் தலையைக் கையில பிடிச்சுக்கிட்டான். இப்படியே மதியம் ஆயிடுச்சு. கடைசியில, எடுத்துட்டுப் போய்த் தொலைன்னு, பேனாவை எடுத்து எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

இந்தாங்க, இதான் அந்தத் தாள். நாலு வருஷமா நெஞ்சுல வெச்சிருக்கேன், மடிப்புல கொஞ்சம் கிழிஞ்சிருக்கு, நனையாமப் பிடிங்க. உங்களுக்குப் படிக்கத் தெரியும்ல? படிங்க. 'திரி இரண்டு முனையிலும் எரிய.' எழுதியிருக்கா இல்லையா? கீழே கையெழுத்து இருக்கா? ஜெயிச்சேனா இல்லையா?

மை காயறதுக்குள்ள முதல் பீரங்கி வெடிச்சது.

கர்னல் வடக்குப் பக்கமா வந்து சேர்ந்துட்டார். நாங்க பேசிக்கிட்டிருந்த அந்த மூணு நாளும் எருது இழுத்துக்கிட்டேதான் இருந்திருக்கு. இப்ப நியாயத்தைச் சொல்லுங்க. பேச்சு நடக்கும்போது பீரங்கி நகரலாமா? நகரக் கூடாது. ஃபிளாண்டர்ஸ்ல முரசு அடிச்சுப் பேசப் போயிட்டா, ரெண்டு பக்கமும் ஒரு மண்வெட்டிகூட அசையாது. அது சட்டம். இன்னொரு சட்டமும் இருக்கு, அதையும் மறைக்காமச் சொல்லிடறேன். பீரங்கி வந்து நின்னதுக்கு அப்புறமும் பணியாத கோட்டைக்கு உயிர்ப்பிச்சை கிடையாது. அது எனக்குத் தெரியும். என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆனா முதல் சட்டத்தை மீறினவன் ரெண்டாவது சட்டத்தைப் பேசலாமா? இதுக்கு மட்டும் எனக்கு இன்னிக்கு வரைக்கும் யாரும் பதில் சொல்லலை.

கேப்டன் எழுந்து நின்னுட்டான். ஓடு, இப்பவே ஓடிப் போய்க் கதவைத் திறக்கச் சொல்லு, ஆயுதத்தைக் கீழே போட்டுட்டுக் குச்சியோட வரச் சொல்லு, நான் கர்னல் கால்ல விழறேன்னான். நான் எப்படிப் போறது ஐயா? கையில கையெழுத்துப் போட்ட தாள் இருக்கு. குச்சியோட வர்றோம்னு நானே போய்ச் சொன்னா, இந்தத் தாளை நானே கிழிச்ச மாதிரி ஆகாதா? மூணு நாள் பேசினது என்ன ஆகும்? ஒப்பந்தம் நிக்குது, சுட்டது செல்லாது, உங்க கர்னலை நிறுத்தச் சொல்லுங்கன்னேன். அவன் வாயைப் பிளந்து என்னைப் பார்த்துட்டு வெளியே ஓடினான்.

அதுக்காக நான் சும்மா உக்காந்திருந்தேன்னு நினைக்காதீங்க. ஆட்சேபணை எழுதினேன். மேஜை மேல தாள் இருந்தது, மை இருந்தது. எந்தெந்த முறை மீறப்பட்டதுன்னு ஒண்ணொண்ணா எழுதினேன். ஒன்பது வந்தது. எழுத எழுதக் குண்டு விழற சத்தம் கேக்குது. அப்புறம் மதில் விழற சத்தம். அப்புறம் கத்தறாங்க. அப்புறம் துப்பாக்கிச் சத்தம் கேக்கும், நம்ம ஆளுங்க சுடுவாங்கன்னு காதைக் குடுத்துக்கிட்டிருந்தேன். கேக்கலை. மூணோ நாலோ கேட்டது. அவ்வளவுதான்.

சாவி என் இடுப்புல இருந்தது. சரி, இருந்தது. நான் இல்லைன்னு சொன்னேனா? கோடாலி இருந்ததே, பெட்டியை உடைச்சிருக்கலாமே? உடைச்சாங்களாம். ஓக் மரப் பெட்டி, நேரம் ஆயிடுச்சாம். அதை எடுத்துப் பத்த வெக்கறதுக்குள்ள அவங்க உள்ளே வந்துட்டாங்களாம். கோர்மக் துப்பாக்கியைத் திருப்பிப் பிடிச்சுத் தடி மாதிரி வீசினானாம், அங்கேயே வெட்டுப்பட்டு விழுந்தானாம். பிழைச்ச அஞ்சு பேர்ல ஒருத்தன் ஓனோராகிட்ட இதையெல்லாம் சொல்லிட்டான். அவன் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா எனக்கு இவ்வளவு வராது. 

என்னை மட்டும் அவங்க தொடலை. தூதுவனைத் தொடக் கூடாதுங்கற முறையை மதிச்சாங்க. மறுபடியும் கண்ணைக் கட்டிக் கூட்டிட்டுப் போய், விழுந்து கிடந்த வாசலுக்கு முன்னாடி அவிழ்த்து விட்டாங்க. பார்க்கறதுக்கு இனிமே என்ன ரகசியம் இருக்குன்னு ஒரு சிப்பாய் சிரிச்சான். பொம்பளைங்களை வெளியே விட்டிருந்தாங்க. ஓனோரா வந்தா. பாவாடையெல்லாம் சுண்ணாம்புத் தூள். நான் முதல்ல என்ன சொல்லணும்னு தெரியாம இந்தத் தாளை நீட்டினேன். ரெண்டு முனையும் வாங்கிட்டேன் ஓனோரான்னேன். உண்மையைத்தானே சொன்னேன்? அவ தாளைப் பார்க்கலை. என் இடுப்பைப் பார்த்தா. அன்னிக்கு மூடின வாய்தான்.

இப்பச் சொல்லுங்க. நான் கோட்டையைக் காட்டிக் குடுத்தேனா? எதிரிகிட்ட கை நீட்டினேனா? ஓடினேனா? எல்லாரோட மானத்துக்காகவும் மூணு நாள் தொண்டைத் தண்ணி வத்தப் பேசினேன். கர்னல் முறை தவறினதுக்கு என் சம்சாரம் என்கிட்ட பேச மாட்டேங்கறாளே, இது எந்த ஊர் நியாயம்? கோர்மக் எனக்கும் மச்சான்தானே? அவன் போனதுல எனக்கு வலி இல்லையா? அவனை நினைக்காம நான் ஒரு நாள் கஞ்சி குடிச்சதில்லை. சொல்லுங்க ஐயா. ஏன் ஆத்தையே பார்த்துக்கிட்டிருக்கீங்க?

சரி, இருங்க, அந்தச் சிப்பாய் பட்டியல் வாசிக்க ஆரம்பிச்சுட்டான். ஆத்தைத் தாண்டற அனுமதிச் சீட்டு, எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒண்ணுதான். போன மாசம் எனக்குக் காய்ச்சல், அவளே போய் எழுதி வாங்கிட்டு வந்தா. பேரு, வயசு, முடி என்ன நிறம், ஆள் உசரமா குட்டையா, கூட யார் யாரு, மாடு எத்தனை, எல்லாம் அதுல இருக்கும். சீட்டு இல்லாதவன் மே மாசத்துக்கு அப்புறம் இந்தக் கரையில பிடிபட்டாத் தூக்குத்தான். அவ பேரைக் கூப்பிடறான் பாருங்க. எந்திரிக்கிறா. நீங்க இப்ப போனா சரியா இருக்கும். போங்க, நான் பின்னாலேயே வர்றேன்.

என்ன வாசிச்சான்? சரியாக் கேக்கலை. ஓனோரா, வயசு முப்பத்தாறு, செம்பட்டை முடி, நடுத்தர உசரம், ஒரு பசு. அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொன்னானே. விதவைன்னா சொன்னான்?

எழுதினவன் தப்பா எழுதியிருப்பான். இவங்களுக்கு நம்ம பேச்சு சரியாப் புரியாது. அவ ஏன் திருத்தாம நிக்கறா? ஏதோ கேக்கறான். உன் புருஷன் எங்க செத்தான்னு கேக்கறான். உங்க காதுலயும் விழுந்துச்சுல்ல? அவ பதில் சொல்றா.

கில்டாரன்லங்கறா.

நாலு வருஷம் கழிச்சு அவ குரலைக் கேக்கறேன் ஐயா. கொஞ்சம்கூட மாறலை.

இருங்க, எழுந்திரிக்காதீங்க. அவன் சீட்டை வெச்சுக்கிட்டுக் குடுக்க மாட்டேங்கறான். சாட்சி கேக்கறான். புருஷன் உயிரோட மலையில ஒளிஞ்சுக்கிட்டுச் சண்டை போடறவனா இருந்தா பொண்டாட்டியை விட மாட்டாங்களாம். கில்டாரன்காரங்க யாராவது இருக்கீங்களான்னு கத்தறான். இங்க கில்டாரன்காரன் என்னைத் தவிர யாரு இருக்கா? அவ திரும்பிட்டா. என்னைத்தான் பார்க்கறா. முதுகைப் பார்த்துப் பார்த்து, அவ நெத்தியில நரை விழுந்திருக்கறதே எனக்குத் தெரியாம இருந்திருக்கு பாருங்க.

நான் போய், இவ என் சம்சாரம், இது பொய்ச் சீட்டுன்னு சொன்னா, சட்டம் என் பக்கம்தான். அதுல சந்தேகமே இல்லை. எங்க வேணும்னாலும் கேளுங்க.

துரை, நான் இருக்கேன். கில்டாரன்காரன். ஆமா, தெரியும். அவ புருஷன் ஃபெலிம், கொடிக்காரன். செத்துட்டான், துரை. என் கண்ணால பார்த்தேன். எப்படியா? அதையும் எழுதணுமா? சண்டை போட்டுச் சாகலை. சண்டை நடக்கும்போது அவன் பேசிக்கிட்டே இருந்தான், துரை. ஆமா, அவ்வளவுதான். வேதப் புத்தகமா? குடுங்க, முத்தம் போடறேன். சத்தியம்.

விட்டுட்டான். சீட்டைக் குடுத்துட்டான். மாட்டை ஏத்தறாங்க. மாடு முரண்டு பிடிக்குது, அந்தப் பன்னிக்காரன் பின்னால தள்ளி விடறான், பரவாயில்லை, நல்லவன்தான் போல. நீங்களும் கிளம்புங்க ஐயா, அடுத்தது உங்க பேருதான் வரும். எனக்கா? எனக்குச் சீட்டு இல்லைன்னு இப்பத்தானே தெரியுது. அதை அப்புறம் பார்த்துக்கலாம். அவகிட்ட நீங்க எதுவும் சொல்ல வேண்டாம். நான் கேட்டுக்கிட்டதை மறந்துடுங்க.

கயித்தை அவிழ்த்துட்டாங்களா? மழை கண்ணுல இறங்குது, எனக்கு ஒண்ணும் சரியாத் தெரியலை. உங்களுக்குத் தெரியுதா? திரும்பிப் பார்த்தாளா ஐயா? உள்ளதைச் சொல்லுங்க, பார்த்தாளா?